வயதானவர்களுக்கு நிமோனியா ஏன் சட்டென்று பிடித்துக்கொள்கிறது?

"அப்பாவுக்கு 74 வயது. வெறும் சளியாகத் தொடங்கியது நாலே நாளில் நிமோனியா ஆகிவிட்டது. எதிர்ப்புசக்தி குறைந்துவிட்டது என்கிறார்கள். உள்ளே என்னதான் நடக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

'குறைந்துவிட்டது' என்பது பாதி உண்மைதான். ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்கள் சுமார் 40 முதல் 60 முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று 1961-ல் ஹேஃப்ளிக், மூர்ஹெட் என்ற விஞ்ஞானிகள் காட்டினார்கள். உடம்புக்குள்ளும் இப்படி நின்றுபோகும் செல்கள் வயதாக ஆகச் சேர்கின்றன. செத்துத் தொலைந்தாலாவது பரவாயில்லை. திண்ணையில் உட்கார்ந்து சண்டை மூட்டிவிடும் ஆள் மாதிரி, அழற்சியைத் தூண்டும் பொருட்களைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும்.

நுரையீரலில் இதைவிட மோசம். இப்படி நின்றுபோய் மூப்படைந்த செல்களின் மேல் சில புரதங்கள் அதிகமாகின்றன. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமி பற்றிக்கொள்வதே அவற்றைத்தான். திருடனுக்கு நாமே ஏணி சாத்தி வைப்பது போல.

கிருமியை முதலில் துரத்தும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களோ, முதுமையிலும் பழைய வேகத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் திசை தப்பிவிடுகிறது. சுற்றிச் சுற்றிப் போகிற வழியில், திசுவை அரிக்கும் நொதிகளையும் சிந்திவிடுகின்றன. கிருமிகளை எதிர்க்கும் இன்னொரு வகை வெள்ளை அணுக்களான டி-செல்களைப் புதிதாகப் பழக்கும் தைமஸ் சுரப்பி இளமையிலேயே சுருங்கத் தொடங்கிவிடுவது தனிக்கதை.

ஒன்று மட்டும்: காய்ச்சல் இல்லையே என்று அசட்டையாக இருக்காதீர்கள். வயதானவர்களுக்குத் தெர்மாமீட்டர் ஏறாமலே நிமோனியா முற்றலாம். திடீர்க் குழப்பம், சாப்பாடு வேண்டாம் என்பது, மூச்சு வேகமாவது, இவற்றைப் பாருங்கள். அப்பா தேறியதும் நிமோகாக்கஸ் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.