அப்பாவுக்கு பி.பி. இருந்தால் மகனுக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 29 வயது. அப்பாவுக்கு 40 வயதிலேயே ரத்தக்கொதிப்பு, 52-ல் பக்கவாதம். பெரியப்பாவும் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். அலுவலக முகாமில் எனக்கு 144/92 காட்டியது. மரபணுப் பரிசோதனை செய்யலாமா? பரம்பரை நோய் என்றால், உப்பைக் குறைத்து என்ன பயன்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. பெற்றோருக்கு 55 வயதுக்குள் ரத்தக்கொதிப்பு வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் உங்களுக்கு இப்போது மரபணுப் பரிசோதனை தேவையில்லை.

ரத்த அழுத்தத்தை ஒரே ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை. 2018-ல் 10 லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்து, அதனுடன் தொடர்புள்ள 901 இடங்களை மரபணுத் தொகுதியில் குறித்தார்கள். ஒவ்வொன்றும் பி.பி. அளவில் மாற்றுவது பெரும்பாலும் ஒரு புள்ளிக்கும் குறைவு. பத்துப் பைசா, இருபது பைசாவாகச் சேர்ந்த கடன் மாதிரி. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து உங்கள் சிகிச்சையில் எதையும் மாற்றப்போவதில்லை.

அபூர்வமாக ஒற்றை மரபணுக் கோளாறாலும் பி.பி. ஏறும். லிடில் நோய் அப்படி ஒன்று: சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியம் குறையும். இதற்கு வழக்கமான மாத்திரைகள் சரிவராது, அமிலோரைடு என்ற மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும். இளம் வயதில் பி.பி., மூன்று மாத்திரைக்கும் அடங்காமை, குறைந்த பொட்டாசியம், குடும்பத்தில் சிறு வயதிலேயே மூளையில் ரத்தக்கசிவு: இவை இருந்தால் மட்டும் அந்த வழியில் தேடுவோம். அப்பாவின் பழைய ஃபைலை எடுத்து, அவருக்குப் பக்கவாதம் வந்தது ரத்தக்குழாய் அடைப்பாலா, ரத்தக்கசிவாலா என்று பாருங்கள்.

உப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பிரிட்டனில் 2.5 லட்சத்துக்கும் அதிகமானோரிடம் பார்த்ததில், மரபணு ஆபத்து கூடுதலாக உள்ளவர்களிலும் நல்ல வாழ்க்கைமுறை உள்ளவர்களுக்கு மேல் அளவு (144/92-ல் 144 போன்றது) 4, 5 புள்ளி குறைவாகவே இருந்தது. குடும்பத்தில் பி.பி. உள்ள உங்களுக்குத்தான் உப்பைக் குறைப்பது அதிகம் முக்கியம். நாளுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். சாம்பார் உப்பை மட்டும் கணக்கு வைக்காதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் சேர்த்துத்தான்.

முகாமில் ஒரு தடவை எடுத்த அளவை வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. மேல்கையில் கட்டும் டிஜிட்டல் பி.பி. கருவி ஒன்று வாங்குங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் காபியும் சிகரெட்டும் வேண்டாம். சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றாதீர்கள். காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஏழு நாள் எழுதி வையுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு, மீதி நாள்களின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்; தள்ளிப்போட வேண்டாம். ரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் அளவு), சிறுநீரில் புரதம், ஈசிஜி பார்க்கச் சொல்வார். உங்கள் வயதில் சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இருந்தால் அவர்களுக்கும் அதே கருவியில் அளந்துவிடுங்கள்.