நிறுத்திப் பார்த்தால் தெரியாதது

வணக்கம் சார்,

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் விடுதியில் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் பார்க்கும் கூட்டம் ஒன்று உண்டு. ஒரு மாதமாக எங்களுக்குள் ஒரே விவாதம்: அனிமேஷனில் இதுவரை வந்த சண்டைக் காட்சிகளில் எது சிறந்தது? நான் ‘டீமன் ஸ்லேயர்’ முதல் சீசனின் 19ஆவது எபிசோட் என்கிறேன். நாயகன் தன்ஜிரோ ருயி என்ற அரக்கனோடு மோதும் கடைசிச் சில நிமிடங்களை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. என் அறைத்தோழன் ‘நருட்டோ ஷிப்புடன்’ 167தான் என்று அடித்துச் சொல்கிறான். வில்லன் பெயினும் நாயகன் நருட்டோவும் மோதும் எபிசோட். நான் அதைப் போட்டு, நடுவில் நிறுத்திக் காட்டினேன். பெயினின் முகம் ரப்பர் மாதிரி இழுபட்டு நிற்கிறது. “இதுவா சிறந்தது? அவசரத்தில் வரைந்து தள்ளியிருக்கிறார்கள்” என்றேன். அவன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இன்னொரு நண்பனோ, யார் யாரைவிட பலசாலி என்பதுதான் கேள்வியே என்கிறான். ஒரு சண்டையை எதை வைத்து மதிப்பிடுவது சார்? உங்கள் தேர்வு எது?

அன்புடன்,
கே., திருச்சி

அன்புள்ள கே.,

முதலில் அறைத்தோழரிடம் போய்ப் பேசிவிடுங்கள். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் எபிசோட் எனக்கும் பிடிக்கும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் நீங்கள் செய்த ஒரு காரியம் தவறு: ஓடிக்கொண்டிருந்த சண்டையை நிறுத்தினீர்கள்.

யாராவது சிலம்பம் சுற்றும்போது உங்கள் போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் கொஞ்சம் குறைவாக இருந்தாலே போதும், கம்பு ஒரு மங்கலான விசிறியாகத்தான் பதியும். கை முழங்கைக்குக் கீழே கரைந்துபோயிருக்கும். சினிமாவில் நிஜ மனிதர்கள் போடும் எந்தச் சண்டையையும் நடுவில் நிறுத்துங்கள், கதாநாயகனின் முகம் கலங்கித்தான் இருக்கும். அதைப் பார்த்து யாரும் கேமராமேனைக் குறை சொல்வதில்லை. வேகத்தைக் கேமரா தானாகவே அப்படிப் பதிவு செய்துவிடுகிறது. வரைபவருக்கு அந்த வசதி கிடையாது. கலங்கலையும் அவர் கையால்தான் வரைந்தாக வேண்டும். அதற்காக முகத்தை இழுப்பார், ஒரு கையை நான்கு கையாகப் போடுவார், உடம்பை வளைத்து நீட்டுவார். ஆங்கிலத்தில் இதை ஸ்மியர் என்பார்கள். இது நருட்டோ காலத்தில் வந்ததும் இல்லை. சக் ஜோன்ஸ் வார்னர் பிரதர்ஸுக்காக 1942இல் ‘தி டோவர் பாய்ஸ்’ என்று ஒரு கார்ட்டூன் எடுத்தார். அதில் ஆட்கள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் பாயும் இடங்களை நிறுத்திப் பார்த்தால், மனிதர்கள் மிட்டாய்ப் பாகு போல நீண்டுகிடப்பார்கள். ஓடவிட்டுப் பார்த்தால் வெறும் வேகம் மட்டும்தான் தெரியும்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் விடுதிச் சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம். ஆனால் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் 24 படமும் வரைவது அபூர்வம். பெரும்பாலும் மூன்று ஃபிரேமுக்கு ஒரு படம், அதாவது வினாடிக்கு எட்டுப் படம்தான். 1963இல் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடங்கிய காலத்திலிருந்து காசும் நேரமும் போதாமல் வந்த பழக்கம் இது. அந்தக் குறையையே பின்னால் வந்த கலைஞர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். எந்தப் படத்தை ஒரே ஒரு ஃபிரேம் காட்டுவது, எதை மூன்று ஃபிரேம் நிற்க விடுவது, எங்கே இடைப்படமே இல்லாமல் தாவுவது என்று தீர்மானிப்பதில்தான் அடியின் கனம் இருக்கிறது. முஷ்டி மெதுவாகப் பின்னால் போய், ஒரு கணம் நின்று, பிறகு நடுவில் ஒன்றுமே இல்லாமல் எதிராளியின் தாடையில் இருந்தால் நமக்கு வலிக்கிறது. எல்லாப் படத்தையும் சம இடைவெளியில் அழகாக வரைந்து வைத்தால் தண்ணீருக்குள் அடித்துக்கொள்வது போலத்தான் இருக்கும்.

ஆகவே நீங்கள் நிறுத்திக் காட்டிய அந்தப் படம் தனியாகப் பார்ப்பதற்கென்று வரையப்பட்டதே அல்ல. முன்னால் வந்த படத்துக்கும் பின்னால் வரும் படத்துக்கும் நடுவில் மட்டும்தான் அதற்கு உயிர்.

இப்போது 167க்கு வருவோம். 2010இல் அது ஒளிபரப்பானபோதே உலகம் முழுக்க ரசிகர்கள் இதே சண்டையைப் போட்டார்கள், இதே மாதிரி நிறுத்திய படங்களைக் காட்டித்தான். அதை இயக்கியவர் அட்சுஷி வகபயாஷி. அவர் யார் என்று தெரிய வேண்டுமானால் ‘நருட்டோ’ முதல் தொடரின் 133ஆவது எபிசோடைப் பாருங்கள். இறுதிப் பள்ளத்தாக்கில் நருட்டோவும் அவன் நண்பன் சாஸ்கேயும் மோதுவது. அதில் நோரியோ மட்சுமோட்டோ வரைந்த பகுதிகளில் இரண்டு சிறுவர்களும் சக்தி காட்டும் வீரர்களாகத் தெரிவதே இல்லை. ஒருவனை ஒருவன் எப்படியாவது பிடித்து நிறுத்திவிட வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைகளாகத் தெரிகிறார்கள். கால் வழுக்குகிறது, குத்து தவறுகிறது, அடித்தவனே தடுமாறுகிறான். நட்பு முறிவதை இவ்வளவு உடம்போடு காட்டிய காட்சி தொலைக்காட்சியில் குறைவு.

அதே இயக்குநர் பெயின் சண்டைக்கு வரும்போது அங்கே நிலைமை வேறு. பெயின் அதுவரை அசையவே மாட்டான். நிமிர்ந்து நிற்பான், கையை நீட்டுவான், ஊரே தூக்கி எறியப்படும். நருட்டோவோ தன்னைக் காக்க வந்த ஹினாட்டா விழுந்ததைப் பார்த்துத் தன்னை முழுதாக இழந்துவிட்டான். அவன் இப்போது மனிதனே இல்லை, தோல் உரிந்த கோபம் மட்டும்தான். அந்த இரண்டு பேரையும் வழக்கமான ஒழுங்கான கோட்டில் வரைந்திருக்கலாம். வகபயாஷி கோட்டையே அவிழ்த்து விட்டார். அசையாதவன் ஓடுகிறான், நொறுங்குகிறான், அவன் முகமும் அவனுக்கு அடங்கவில்லை. நீங்கள் நிறுத்திய ரப்பர் முகம் அந்த இடத்தில்தான் வருகிறது. எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: சில இடங்களில் துள்ளல் அளவு மீறி, பழைய துரத்தல் கார்ட்டூன் போல ஆகிவிடுகிறது. ஊர் அழிந்து கிடக்கும் வேளையில் அது ஒட்டவில்லை. ஆனால் அவசரத்தில் வரைந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். யோசித்து, துணிந்து எடுத்த முடிவு அது.

சரி, உங்கள் 19. யூஃபோடேபிள் ஸ்டூடியோ செய்தது, 2019 ஆகஸ்டில் வந்தது. கையால் வரைந்த உருவங்களையும் கணினியில் சுழலும் காட்டையும் இவ்வளவு பிசிறில்லாமல் சேர்த்தது பெரிய வேலைதான். பழைய ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்களின் தடித்த கோட்டில் வாளிலிருந்து அலை எழும்புவதும், அது நெருப்பாக மாறுவதும் கண்ணை விட்டுப் போகாது. ஆனால் நீங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்காக மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன். நோயில் மெலிந்த அப்பா பனியில் இரவு முழுக்க ஆடிய ஆட்டம் பிள்ளைக்குச் சாகும் நேரத்தில் ஞாபகம் வருகிறது. அந்த ஆட்டமே வாள்வீச்சாகிறது. எதிரே நிற்பவனோ பயமுறுத்திப் பயமுறுத்தி ஒரு பொய்க் குடும்பத்தைக் கட்டி வைத்திருக்கிறான். அவனுடைய நூலை எரிப்பது தன்ஜிரோவின் தங்கை நெஸுகோவின் ரத்தம். அண்ணனும் தங்கையும் அப்பாவும் ஒரே வீச்சில் சேர்கிறார்கள். பாட்டு அங்கே ஆரம்பிக்கும்போது நமக்குத் தொண்டை அடைப்பது அதனால்தான். இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: அடுத்த எபிசோடில் அந்த வெற்றி வெற்றியே இல்லை என்று தெரிகிறது. ருயி முந்திக்கொண்டு தன் தலையைத் தானே அறுத்துக்கொண்டான். அப்படியும் 19 ஒரு துளி குறைவதில்லை.

உங்கள் மூன்றாவது நண்பரின் கேள்விக்கு இதுவே பதில். யார் பலசாலி என்பதும் எது நல்ல சண்டை என்பதும் வேறு வேறு. ‘ஒன் பஞ்ச் மேன்’ தொடரில் ஜெயிக்கப்போவது யார் என்பது தலைப்பிலேயே இருக்கிறது. அப்படியும் 2015இல் வந்த முதல் சீசனில் நாயகன் சைதாமாவும் அவன் சீடன் ஜெனோஸும் பயிற்சிக்காக மோதும் ஐந்தாவது எபிசோடைப் பார்த்து நாம் மூச்சை அடக்குகிறோம். கடைசிக் குத்து முகத்துக்கு முன் நின்றுவிடுகிறது. பின்னாலிருந்த மலை பிளந்துகிடக்கிறது. ஜெனோஸ் அப்போது உணர்வதுதான் காட்சி.

என் தேர்வைக் கேட்டீர்கள். எனக்கு இரண்டு உண்டு. ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மற்றதை என்னால் சுருக்க முடியாது.

முதலாவது ‘ஸ்வோர்ட் ஆஃப் தி ஸ்ட்ரேஞ்சர்’ படத்தின் கடைசிச் சண்டை. 2007, போன்ஸ் ஸ்டூடியோ, இயக்கம் மசாஹிரோ ஆண்டோ. வரைந்தவர்களில் முக்கியமானவர் யுடாகா நகமுரா. வெடித்துச் சிதறும் கல்லைக் கனசதுரங்களாக வரைவார் என்பதற்காக ரசிகர்கள் அவருடைய கையை எங்கிருந்தாலும் கண்டுபிடிப்பார்கள். இந்தச் சண்டையில் அந்த ஆடம்பரம் எல்லாம் இல்லை. பெயரில்லாத ஒருவன் தன் வாளை உறையோடு கயிற்றால் கட்டி வைத்திருக்கிறான், இனி உருவ மாட்டேன் என்று. ஒரு சிறுவனுக்காக அந்தக் கட்டை அவிழ்க்கிறான். எதிரே மிங் நாட்டுப் படையோடு வந்த லுவோலாங். ஒருவன் மஞ்சள் முடிக்காரன். இன்னொருவன் தன் செம்முடியைச் சாயம் பூசி மறைத்து வாழ்ந்தவன். இரண்டு பேருக்கும் அது சொந்த மண் இல்லை. பனி கொட்டுகிறது, பேச்சு அநேகமாக இல்லை. வாள் மோதும்போது மணிக்கட்டு நடுங்குவதும், அடுத்த அடிக்கு முன் கால் இடம் தேடுவதும் தெரியும். மந்திரமோ சக்தி அலையோ எதுவும் கிடையாது, களைத்துப்போகிற இரண்டு உடம்பு மட்டும்தான்.

இரண்டாவது அமெரிக்காவில் எழுதி, தென் கொரியாவில் வரைந்தது. இது அனிமே இல்லையே என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். கேள்வி அனிமேஷனைப் பற்றியது என்று நினைவுபடுத்துங்கள். ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரின் முடிவில், 2008 ஜூலையில் வந்த, அண்ணன் ஸுகோவும் தங்கை அஸுலாவும் மோதும் சண்டை. அந்தத் தொடரில் ஒவ்வொரு பூதத்தை ஆள்பவருக்கும் ஒரு நிஜச் சீனத் தற்காப்புக் கலை அடிப்படை. தண்ணீருக்குத் தாய் சி, மண்ணுக்கு ஹுங் கா, நெருப்புக்கு வடக்கு ஷாவ்லின், காற்றுக்குப் பாகுவா. அதற்கென்றே சிஃபு கிசு என்ற ஆசானை வைத்திருந்தார்கள். அதனால் இரண்டாம், மூன்றாம் சீசன்களில் அஸுலா எப்படி நிற்பாள், எப்படி அடிப்பாள் என்பது நம் கண்ணுக்குப் பழகியிருக்கிறது. இரண்டு விரலை நீட்டினால் போதும் அவளுக்கு. ஒரு அசைவு அதிகமாக இருக்காது, ஒரு முடி கலைந்திருக்காது.

அன்றைக்கு அவள் முடியைத் தானே கோணல்மாணலாக வெட்டிக்கொண்டு வருகிறாள். நம்பியிருந்த தோழிகள் இருவரும் விட்டுப்போய்விட்டார்கள். நீல நெருப்பு முன்பைவிடப் பெரியது, ஆனால் வீச்சு அகலமாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது, காலில் நிதானம் இல்லை. எப்போதும் கத்திக்கொண்டே தாக்கும் ஸுகோ இன்றைக்குக் காலை ஊன்றி நிற்கிறான். யார் உடைந்துபோனவர், யார் தேறிவிட்டவர் என்று வசனம் சொல்வதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடுகிறது. வானம் சிவந்து கிடக்கிறது. நீலமும் ஆரஞ்சும் மோதி இரண்டாகப் பிரியும்போது போர்முரசு எதுவும் இல்லை. ஜெரமி ஸக்கர்மனின் இசை, யாரோ இறந்த வீட்டில் கேட்பது போல மெதுவாக நகர்கிறது. அஸுலா மின்னலை அண்ணன் மேல் விடவில்லை. பக்கத்தில் நிற்கும் அவன் தோழி கட்டாராவை நோக்கித் திருப்புகிறாள். ஸுகோ குறுக்கே பாய்ந்து வாங்கிக்கொள்கிறான். முடிவில் சங்கிலியில் கட்டப்பட்டுத் தரையில் புரண்டு, வாயில் நெருப்போடு அவள் அழுகிற அழுகையை அந்த இருவரும் நின்று பார்க்கிறார்கள். ஜெயித்தவர்கள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

எனக்கு ஒரு தங்கை உண்டு. நாங்கள் சில வருஷம் பேசாமல் இருந்திருக்கிறோம். அந்தக் கடைசி நிமிடத்தை நான் வெறும் கார்ட்டூனாகப் பார்க்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எனவே என் தேர்வை நீங்கள் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விவாதிக்கும்போது எபிசோட் எண்ணோடு, அந்தப் பகுதியை வரைந்தவர் யார் என்றும் தேடிப் பாருங்கள். அனிமே ரசிகர்கள் சகுகா (படம் வரைதல்) என்ற ஜப்பானியச் சொல்லை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் கையையும் அடையாளம் காண்கிறார்கள். நாம் பத்து வினாடியில் கடந்துபோகிற ஒரு துண்டுக்கு ஒருவர் வாரக்கணக்கில் மேசையில் குனிந்து உட்கார்ந்திருப்பார். 2023இல் பெரிய தொடர் ஒன்றின் சண்டைகளை நாம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அதை வரைந்தவர்களில் சிலர் அவகாசம் போதவில்லை, தாங்க முடியவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். “அவசரத்தில் வரைந்து தள்ளியிருக்கிறார்கள்” என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றதற்கு அதுதான் காரணம்.

இந்த வாரக் கடைசியில் அறைத்தோழரோடு உட்கார்ந்து 133ஐயும் 167ஐயும் அடுத்தடுத்துப் பாருங்கள், நடுவில் நிறுத்தாமல். அப்புறம் அவர் உங்களோடு 19ஐப் பார்க்கட்டும். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.