படித்ததும் தோன்றியதும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இணையத்தில் தினமும் நாலைந்து கட்டுரைகளாவது படிக்கிறேன். படிக்கும்போது மனசில் ஏதேதோ ஓடுகிறது. மறுநாள் ஒன்றும் நினைவில்லை. எழுதிவைத்தால் பயன் உண்டா? எப்படி ஆரம்பிப்பது?

பதில்: நிச்சயம் உண்டு. பதினோரு வருடமாக எழுதிவருகிற தைரியத்தில் சொல்கிறேன். கட்டுரையைச் சுருக்கி எழுத உட்காராதீர்கள், நாலு நாளில் அலுத்துவிடும். படித்துக்கொண்டே போகும்போது உங்களை நிறுத்திய வரி ஒன்று இருக்குமே, அதை மட்டும் ஒரு எழுத்தும் பிசகாமல் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். கீழே, ஏன் நின்றீர்கள் என்று இரண்டு மூன்று வரி. தேதி, தலைப்பு, எழுதியவர் பெயர். அவ்வளவுதான். அதைப்பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பார்த்தபின் எழுதினால் எது உங்கள் எண்ணம் என்று உங்களுக்கே பிடிபடாது.

மேற்கோளை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் முதல் நோட்டில், தூக்கம் பற்றிய ஒரு கட்டுரைக்கு ‘சுத்த அபத்தம், மூன்றாவது பத்தி’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். இரண்டாவது கோட்டில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. போன வருடம் இணையத்தில் தேடினால் அந்தக் கட்டுரைப் பக்கமே இல்லை. அந்தப் பத்தியில் என்ன இருந்தது என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய பக்கங்கள் நிறைய கிடைக்கும். படித்த அன்றே ஒரு பக்கத்தை நாமே அதில் சேமித்துவைக்கவும் முடியும். நான் அன்று செய்யவில்லை.

கேள்வி: பிடித்த கருத்துகளை மட்டும் குறித்துவைத்தால் போதாதா?

பதில்: போதாது. சார்லஸ் டார்வின் தன் முடிவுக்கு எதிரான தகவல் எது கண்ணில் பட்டாலும் உடனே, தவறாமல் குறித்துக்கொள்வாராம். சாதகமானவற்றைவிட அவைதான் சீக்கிரம் மறந்துபோகின்றன என்பதை அனுபவத்தில் கண்டதாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இந்தப் பழக்கத்தால்தான், பின்னால் வந்த ஆட்சேபங்களில் அநேகமாக எல்லாவற்றையும் அவர் முன்கூட்டியே யோசித்துவைத்திருந்தார்.

குழந்தைகளுக்குச் சோகக் கதை கூடாது என்பது என் எண்ணமாக இருந்தது. கூடும் என்று ஒரு ஆசிரியை எழுதியிருந்ததை மனசே இல்லாமல்தான் எடுத்தெழுதினேன். ஆறு மாதம் கழித்துப் படித்தபோது ஓரத்தில் பென்சிலால் ‘இவர் சொல்வதே சரி’ என்று எழுதினேன். பழையதை அடிக்கவில்லை. அடிக்கவே கூடாது. இரண்டும் அருகருகே இருப்பதால்தான், எந்த வரி என்னை மாற்றியது என்று இன்றைக்கும் விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

கேள்வி: நோட்டுகள் சேர்ந்துவிட்டன. தேடினால் எதுவும் கிடைப்பதில்லை.

பதில்: தத்துவவாதி ஜான் லாக் இதற்கு ஒரு வழி சொன்னார், ஆங்கிலத்தில் 1706-இல் வெளியானது. தலைச்சொல்லின் முதல் எழுத்து, அதையடுத்து வரும் முதல் உயிரெழுத்து, இந்த இரண்டையும் வைத்து அட்டவணை போடுவது. தமிழில் இது இன்னும் சுலபம், உயிர்மெய்யிலேயே இரண்டும் சேர்ந்திருக்கிறதே! தூக்கம் என்றால் ‘தூ’, கல்வி என்றால் ‘க’. எதிரே பக்க எண். நோட்டின் கடைசி இரண்டு தாள் இதற்குப் போதும். பக்க எண் போடாமல் வைத்திருந்தால், முதலில் அதைப் போடுங்கள்.