நாமினி இருக்கும்போது தரகர் எதற்கு?

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தேன். சென்ற பிப்ரவரியில் என் கணவர் மாரடைப்பில் காலமானார். 64 வயது, ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். உயில் எழுதவில்லை. மே மாதம் நானும் ஓய்வு பெற்றேன். காசிக்குப் போய் அஸ்தி கரைத்துவிட்டு வந்தோம். அப்புறம் மகன் கூப்பிட்டதால் டொரான்டோவில் சில மாதங்கள் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு வருடமே ஓடிவிட்டது, ஒரு காகித வேலையும் நடக்கவில்லை. அவர் பெயரில் வங்கியில் நான்கு எஃப்.டி. இருக்கின்றன. மூன்றில் நான் நாமினி, ஒன்றில் நாமினி இல்லை. 2023 கடைசியில் போட்ட தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்பும் இருக்கிறது. அதற்கும் நான்தான் நாமினி. எங்கள் ஜாயின்ட் கணக்கில் அவருடைய பென்ஷன் இறந்த பிறகும் இரண்டு மாதம் வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், 'கோர்ட்டில் சக்ஸஷன் சர்டிஃபிகேட் வாங்க வேண்டும், 40,000 கொடுங்கள், எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன்' என்கிறார். என் மாமியார் கொழுந்தனார் வீட்டில் இருக்கிறார். வாரிசு சான்றிதழில் மாமியார் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்றும் அந்தத் தெரிந்தவரே சொல்கிறார். இத்தனை நாள் விட்டதால் பணம் அரசாங்கத்துக்குப் போய்விடுமா?

பதில்: போகாதம்மா. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். பத்து வருடம் யாரும் தொடாத வைப்புத்தொகைதான் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்கு மாற்றப்படும். அப்படி மாறினாலும் பின்னால் வங்கி வழியாகவே கேட்டு வாங்கலாம். ஒரு வருடத்தில் எதுவும் போய்விடாது. கணவரை இழந்த வருடத்தில் நீங்கள் காசிக்கும் மகன் வீட்டுக்கும் போனதில் ஒரு தவறும் இல்லை. அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்.

அடுத்தது, அந்த 40,000. ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. சாவு விழுந்த வீட்டைத் தேடி வந்து, நீதிமன்றம் என்ற சொல்லைக் காட்டிப் பயமுறுத்திக் காசு பார்க்கும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் இருப்பார்கள், ஜெராக்ஸ் கடையில் இருப்பார்கள், சில சமயம் உறவுக்காரராகவே இருப்பார்கள். நாமினி இருக்கும் வைப்புநிதிக்கு சக்ஸஷன் சர்டிஃபிகேட் கேட்கக் கூடாது, ஜாமீன்தாரர் கேட்கக் கூடாது, இழப்பீட்டுப் பத்திரமும் (பின்னால் யாராவது உரிமை கேட்டால் நான் ஈடுகட்டுகிறேன் என்று எழுதித் தருவது) கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சொல்லிவிட்டது. எத்தனை லட்சமாக இருந்தாலும் இதேதான். இருபது வருடம் கழித்தும் இது கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழவில்லை என்றால், அந்தப் பழியை விதவைகள் ஏன் சுமக்க வேண்டும்? 'எதற்கும் வாரிசு சான்றிதழ் ஒன்று கொண்டு வந்துடுங்க மேடம்' என்று சாதாரணமாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான், எஃப்.டி. ரசீதுகள், நிரப்பிய க்ளெய்ம் படிவம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு நேராகப் போங்கள். ரசீதில் நாமினேஷன் பதிவானதற்கான குறிப்பு இருக்கும். கிளம்புவதற்கு முன்னால் மூன்றிலும் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். படிவத்தின் நகல் ஒன்றை நீட்டி, தேதியோடு வங்கி முத்திரை போட்டு வாங்குங்கள். 'நாங்க பார்த்துக்கறோம், போயிட்டு வாங்க' என்றால் போகாதீர்கள். முத்திரை விழும் வரை நில்லுங்கள். பதினைந்து நாள் கணக்கு அந்தத் தேதியில்தான் தொடங்குகிறது. எல்லாக் காகிதமும் கைக்கு வந்த பதினைந்து நாளுக்குள் பணத்தைக் கொடுக்க வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்துக்கு (பேங்க் ரேட்) மேல் ஆண்டுக்கு 4 சதவீதம் கூட்டி வட்டி தர வேண்டும் என்று 2025-இல் ரிசர்வ் வங்கி புது நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. எல்லா வங்கிகளும் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வைத்த கெடு 2026 மார்ச் 31. வைப்புநிதி முதிர்வதற்கு முன்பே எடுக்கிறீர்களே என்று அபராதமும் பிடிக்கக் கூடாது. பிடித்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னாலே பல சிக்கல்கள் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

நாமினி இல்லாத நான்காவது எஃப்.டி.க்குத்தான் கொஞ்சம் கூடுதல் வேலை. அதற்கும் கோர்ட் வேண்டாம். புது நெறிமுறைப்படி 15 லட்சம் வரை எளிய முறையிலேயே தீர்க்க வேண்டும். கூட்டுறவு வங்கி என்றால் அந்த வரம்பு 5 லட்சம். வாரிசு சான்றிதழ், பணம் வாங்காத மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், ஓர் இழப்பீட்டு உறுதிமொழி, இவை இருந்தால் போதும். வாரிசுகளுக்குள் தகராறு இருந்தால் வேறு கதை. உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரித்த பிறகு தாசில்தார் கையெழுத்திடுவார். விசாரணை என்ற பெயரில் வாரக்கணக்கில் இழுப்பார்கள். 'சார் ஃபீல்டுல இருக்கார்' என்பதே பதிலாக வரும். அதுவும் தரகருக்கு வாசல் திறந்துவிடும் இன்னொரு சாக்கு. விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே கேட்டுக்கொண்டிருங்கள். பணம் கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் வருவது அதே சான்றிதழ்தான்.

இனி உங்கள் மாமியார் விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நாமினி என்றால் சொத்துக்காரர் என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கல்யாண வீட்டில் மொய் எழுத உட்காருபவரை எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தை வாங்குவது அவர்தான், நோட்டில் எழுதுவதும் அவர்தான், ஆனால் பணம் அவருடையது ஆகிவிடாது. வங்கி வைப்புநிதியில் நாமினியின் நிலையும் அதுவே. உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. வங்கி உங்களிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு முடிந்தது. அதை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது.

வாரிசுகள் யார்? 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் ஓர் ஆண் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகளோடு அவரைப் பெற்ற தாயும் உண்டு. தகப்பனார் இந்த வகுப்பில் வரமாட்டார், தாய் வருவார். எத்தனையோ குடும்பங்கள் இதைக் கேட்டதும் நம்ப மறுக்கின்றன. 'அந்தம்மா சின்னவர் வீட்டில்தானே இருக்கிறார், அவருக்கு எப்படிப் பங்கு வரும்?' என்பார்கள். யார் வீட்டில் சாப்பிடுகிறார் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. உங்களுக்கு ஒரு மகன் என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் உண்டா என்று எழுதவில்லை. மகன் மட்டும் என்றால் நீங்கள், மகன், மாமியார் என மூன்று சமப் பங்கு. 12 லட்சம் இருந்தால் ஆளுக்கு 4 லட்சம். மகளும் இருந்தால் நான்கு பங்கு, ஆளுக்கு 3 லட்சம். மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் அவர் பங்கு அவருக்குத்தான்.

அந்த ஆள் சொல்வதுபோல் மாமியார் பெயரை விட்டுவிட்டால் என்ன ஆகும்? வி.ஏ.ஓ. முன்னால் நீங்கள் கொடுக்கும் வாக்குமூலம் பொய்யாகிவிடும். கொழுந்தனாரோ நாத்தனாரோ ஒரு மனு கொடுத்தால் சான்றிதழ் ரத்தாகும். அதை வைத்து நீங்கள் எடுத்த பணம், மாற்றிய பட்டா எல்லாமே கேள்விக்குள்ளாகும். நாளைக்கு மாமியார் காலமானாலும் பிரச்சினை முடியாது. அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அப்போது கேட்பவர்களின் எண்ணிக்கைதான் கூடும். 40,000 வாங்கிய ஆள் அன்றைக்கு போனை எடுக்க மாட்டார்.

இதில் உங்கள் மாமியாரின் மனதையும் பாருங்கள். வயதான காலத்தில் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். அவர் பெயரையே காகிதத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று நாளைக்கு யாராவது அவர் காதில் போட்டால் எப்படி இருக்கும்? நேராகப் போய்ச் சொல்லுங்கள்: 'அத்தை, சட்டப்படி உங்களுக்கும் பங்கு இருக்கு. என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க.' பேரப்பிள்ளைகளுக்கே போகட்டும் என்று அவராக விரும்பினால் அதற்கு முறையான வழி இருக்கிறது. வங்கிப் பணத்துக்கு அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், வீடு நிலத்துக்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம். வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள். எப்படியானாலும் சான்றிதழில் அவர் பெயர் இருந்தாக வேண்டும்.

(நீங்கள் இந்துக் குடும்பம் என்று காசிப் பயணத்தை வைத்து எடுத்துக்கொண்டேன்.)

உண்மையில் அவசரமான வேலை தபால் நிலையத்தில்தான் இருக்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்பில் கணக்கு வைத்திருப்பவர் இறந்த நாளிலிருந்து 8.2 சதவீதம் நின்றுபோய், சாதாரண சேமிப்புக் கணக்கின் 4 சதவீதம்தான் கிடைக்கும். இறப்பைத் தெரிவிக்காததால் பழைய விகிதத்திலேயே காலாண்டு வட்டி வரவாகிக்கொண்டிருக்கும். முடிக்கும்போது அந்த அதிகப்படியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். அசலில் குறைகிறதே என்று அப்போது அதிர்ச்சி அடையாதீர்கள். ஒரே நாமினியான கணவனோ மனைவியோ சில நிபந்தனைகளோடு கணக்கைத் தொடரலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் உங்கள் பெயரிலேயே இந்தத் திட்டத்தில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தால் அது முடியாது. ஓய்வுப் பணத்தை மே மாதத்துக்குப் பிறகு இதில் போட்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் அவருடைய கணக்கை இந்த வாரமே முடித்து எடுங்கள்.

பென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மறைந்த பிறகு வரவான இரண்டு மாதத் தொகையைத் தொடாதீர்கள். அது திரும்பக் கொடுக்க வேண்டிய பணம். வங்கி எப்படியும் பிடித்துக்கொள்ளும். நீங்களே இறப்புச் சான்றிதழோடு போய் விவரம் சொல்லி, அதே நாளில் குடும்ப ஓய்வூதியத்துக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவருடைய பி.பி.ஓ.வில் (ஓய்வூதிய ஆணை) உங்கள் பெயர் இருக்கும். அந்தக் காகிதம்தான் முக்கியம், தேடி எடுங்கள். 'உங்களுக்குத்தான் சொந்தப் பென்ஷன் வருதே' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் ஆசிரியர் ஓய்வூதியமும் அவருடைய குடும்ப ஓய்வூதியமும் சேர்ந்தே கிடைக்கும். அவர் இருந்திருந்தால் 67 வயதாகும் நாள் வரை, அல்லது இறந்து ஏழு வருடம் வரை, இதில் எது முந்தியோ அதுவரை கடைசிச் சம்பளத்தில் பாதி வரும், அவர் வாங்கிய ஓய்வூதியத்துக்கு மிகாமல். அதன்பிறகு 30 சதவீதம். அவர் மறைந்த மறுநாளிலிருந்து சேர வேண்டிய நிலுவையும் வரும். இது உங்களுக்கே உரியது. வாரிசுப் பங்கில் சேராது.

அவருடைய ஏ.டி.எம். கார்டு, போனில் இருக்கும் யு.பி.ஐ. இரண்டையும் யாரும் பயன்படுத்த வேண்டாம். மகனே சொன்னாலும் வேண்டாம். பின் நம்பர் தெரியும் என்பதால் உரிமை வந்துவிடாது. ஆனால் சிம்மை மட்டும் இந்த வேலைகள் முடியும் வரை உயிரோடு வைத்திருங்கள். பல கணக்குகளின் தகவல் அதில்தான் வரும்.

மீண்டும் டொரான்டோ போவதாக இருந்தால் நவம்பரை மனதில் வையுங்கள். ரயில்வே குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்த மாதம்தான் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். இங்கே இருந்தால் போனிலேயே முகம் காட்டி முடித்துவிடலாம். வெளிநாட்டில் இருந்தால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பலாம். உங்கள் சொந்த ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்று நேர்காணல் எந்த மாதம் என்று கருவூலத்தில் கேட்டு, அதன்பிறகு டிக்கெட் போடுங்கள்.

வங்கி இழுத்தடித்தால் கிளை மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆன்லைனில் பதியலாம், 14448 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. முத்திரை வாங்கிய அந்த நகலைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.