சூரியன் வந்ததும் மேற்கே திரும்புங்கள்

கேள்வி: தை மாதம் போயா (பௌர்ணமி) தினத்தில் குடும்பமாகச் சிவனொளிபாதமலைக்குப் போக நினைக்கிறோம். அம்மாவுக்கு 63 வயது, முழங்கால் வலி உண்டு. அவரால் ஏற முடியுமா? உச்சியில் மலையின் நிழல் முக்கோணமாக விழுமாமே, எப்படி?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் தேதியை மாற்றுங்கள். போயாவிலும் சனி ஞாயிறிலும் படியில் நகர இடமிருக்காது. நின்று நின்று ஏறுவதுதான் முழங்காலுக்கு வினை. வைகாசிப் போயா வரை யாத்திரை சீசன் இருக்கிறதே, நடுவாரத்தில் ஒரு நாள் பாருங்கள். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரத்தினபுரிப் பாதை அம்மாவுக்கு வேண்டாம், அது நீளம். ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு வாருங்கள். நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றியிருந்தால், மூழ்கிப்போன பழைய ஊரின் கோயில் வெளியே தெரியும். பஸ்ஸில் தூங்கிவிடாதீர்கள்.

மற்றவர்கள் நடுநிசிக்குப் பிறகு ஏறுவார்கள். நீங்கள் இரவு ஒன்பது, பத்துக்கே கிளம்புங்கள். வழியெல்லாம் தேத்தண்ணிக் கடைகள் உண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். கடைசி ஏற்றம்தான் செங்குத்து, அங்கே பிடித்து ஏற இரும்புக் கம்பி இருக்கிறது. 2,243 மீட்டர் உயரத்துக் காற்று எலும்பைத் துளைக்கும். அதனால் நேரத்தோடு உச்சிக்குப் போய் நடுங்காமல், கீழே கடையிலேயே ஆறிவிட்டு, விடியும் நேரத்துக்கு ஏறுங்கள்.

இனி நிழல். சூரியன் எழும்போது எல்லாரும் கிழக்கே பார்த்துக் கும்பிடுவார்கள். கும்பிட்டதும் மேற்கே திரும்புங்கள். மூடுபனி மேல் நீலக் கருப்பாக ஒரு கூர்முனை கிடக்கும். மலை கூம்பாக இருப்பதால் மட்டும் அப்படி வருவதில்லை, எந்த மலையின் விடியற்கால நிழலும் உச்சியிலிருந்து பார்த்தால் முக்கோணம்தான். வெள்ளவத்தை ஸ்டேஷனில் நின்று பம்பலப்பிட்டிப் பக்கம் பார்த்தால் தண்டவாளம் இரண்டும் தூரத்தில் ஒட்டுகிற மாதிரித் தெரியுமே, அதே கணக்கு. நிழல் அவ்வளவு தூரம் நீளுவதால் அதன் இரு ஓரங்களும் ஒன்றுசேருவதுபோல் தெரிகின்றன. சூரியன் ஏற ஏற நிழல் மலையடிக்குச் சுருங்கிவிடும், தாமதிக்க வேண்டாம்.

வெறும் தண்ணீர்ப் போத்தல்களைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். இங்கே ஓடும் மஸ்கெலியா ஓயா என்ற ஆறு போய்ச் சேருவது களனி கங்கையில், கொழும்புக்காரர் நாம் அம்பத்தலையில் எடுத்துக் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். அம்மாவுக்குக் கைத்தடி கொடுத்து, பக்கவாட்டில் கால் வைத்து மெல்ல இறங்கச் சொல்லுங்கள். அன்றைக்கே கொழும்பு பஸ்ஸில் ஏற்றாமல் நல்லதண்ணியில் ஓர் இரவு தங்க வையுங்கள்.