நிரலாளர் கேள்வி–பதில்: பாக்கெட் எங்கே முடிகிறது?

கேள்வி: ஐபி, டிசிபி பாக்கெட்டுகளைப் பிரித்துப் படிக்க சி மொழியில் நிரல் எழுதியிருக்கிறேன். பாயின்டரோடு நீளத்தைக் கூட்டி, பஃபரின் (பாக்கெட்டை வைத்திருக்கும் நினைவக இடம்) முடிவைத் தாண்டுகிறதா என்று பார்த்த பிறகே படிக்கிறேன். அப்படியும் சில பாக்கெட்டுகளில் கிராஷ் ஆகிறது, சிலவற்றில் ஹேங்க் ஆகிவிடுகிறது. ஏன்?

பதில்: முதல் கோளாறு அந்தக் கூட்டலிலேயே இருக்கிறது. நீளம் பாக்கெட்டிலிருந்து வருவது, அதாவது அனுப்பியவர் இஷ்டம். பெரிய எண்ணாக இருந்தால் பாயின்டர் பஃபருக்கு வெளியே போகும். சி விதிப்படி அப்படிக் கூட்டுவதே வரையறுக்கப்படாத செயல். முகவரி சுற்றிக்கொண்டு சிறிய எண்ணாகிவிட்டால் உங்கள் சோதனை தேறிவிடும். கழித்துப் பாருங்கள்: முடிவிலிருந்து இப்போதைய பாயின்டரைக் கழித்தால் மீதி பைட்டுகள் கிடைக்கும். நீளம் அந்த மீதியைவிடப் பெரிதா என்று கேட்டால் போதும்.

அடுத்தது வரிசை. ஐபிவி4-இல் முதலில் 20 பைட் கைவசம் உண்டா என்று பாருங்கள். பிறகே ஹெடர் (தரவுக்கு முன்னால் வரும் தலைப்பகுதி) நீளத்தைப் படிக்கலாம். அது 4 பிட் எண், 4 பைட் அலகில். 5-க்குக் குறைந்தால் பாக்கெட்டைத் தள்ளுங்கள், 5-க்கு மேல் என்றால் அத்தனை பைட்டும் உண்டா என்று மறுபடி பாருங்கள். மொத்த நீளம் ஹெடரைவிடச் சிறிதாக இருப்பதையும் விடாதீர்கள்: அன்சைன்டு (மைனஸ் குறி இல்லாத) எண்ணில் கழித்தால் விடை மைனஸ் ஆகாது, பிரமாண்டமான எண்ணாகும்.

முடிவு எது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். ஈதர்நெட் தரவுப் பகுதி குறைந்தது 46 பைட் இருக்க வேண்டும். தரவில்லாத 40 பைட் பாக்கெட்டுக்குப் (ஐபி ஹெடர் 20, டிசிபி ஹெடர் 20) பின்னால் 6 பைட் நிரப்பல் வரும். அதை டிசிபி தரவு என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே ஐபி சொல்லும் மொத்த நீளம், உண்மையில் பிடிபட்ட நீளம், இரண்டில் சிறியதே உங்கள் முடிவு.

ஹேங்க் ஆவதற்குப் பெரும்பாலும் டிசிபி ஆப்ஷன்தான் (டிசிபி ஹெடரின் கடைசியில் வரும் கூடுதல் விவரங்கள்) காரணம். வகை 0, 1 தவிர மற்றவற்றில் இரண்டாம் பைட் நீளம். வகை, நீளம் ஆகிய 2 பைட்டும் அதில் சேர்த்தி. அங்கே 0 வந்தால் பாயின்டர் நகராது, லூப் முடியாது. நீளம் 2-க்குக் குறையாமலும் மீதியைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். அந்த நீள பைட்டைப் படிக்கும் முன்பே அது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: திருத்தியது சரியா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: நல்ல பாக்கெட் ஒன்றை எடுத்து 0 பைட்டிலிருந்து முழு நீளம்வரை ஒவ்வொரு பைட்டாகக் கூட்டி வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் அதே அளவில் மால்லாக் செய்த (கேட்டு வாங்கிய) நினைவக இடத்தில் வைத்து, எல்லை மீறிய படிப்பைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் கருவியோடு ஓட்டுங்கள். 64 கேபி பஃபரிலேயே விட்டுவைத்தால் எல்லை மீறியும் நிரல் சத்தமில்லாமல் ஓடும். கிராஷ் ஆகிவிட்டால் பிழை தெரிந்துவிடும்; ஆகாமல் ஓடுவதுதான் ஆபத்து. 2014-இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் பிழையில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரல் தொகுப்பு எதிராளி சொன்ன நீளத்தை நம்பி, ஒரு கோரிக்கைக்கு 64 கேபி வரை நினைவகத்தைக் கிராஷ் ஆகாமலே எடுத்துக் கொடுத்தது. இந்த வெட்டுச் சோதனை தேறியபின், தாறுமாறான உள்ளீடுகளைத் தானாகக் கொடுத்துப் பார்க்கும் ஃபஸ்ஸரிடம் விடுங்கள்; நீள எண்களை மாற்றிப் பார்ப்பதை அது பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: டிஎன்எஸ் பெயர்ச் சுருக்கத்துக்கும் இதே சோதனை போதுமா?

பதில்: போதாது. சுருக்கப் பாயின்டர் (பெயரின் மீதி பாக்கெட்டில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் எண்) பாக்கெட்டுக்குள்ளேயே தன்னைச் சுட்டலாம்; எல்லை மீறாது, ஆனால் லூப் முடியாது. ஒவ்வொரு தாவலும் முந்தையதைவிடப் பாக்கெட்டின் தொடக்கத்துக்கு நெருக்கமான இடத்துக்கே போக வேண்டும், விரித்த பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது என்று இரண்டு விதிகள் போடுங்கள்.