தொங்கும் துப்பாக்கியும் தள்ளும் காந்தமும்

கேள்வி: வார்ஹேமர் 40,000 என்ற மேசைப் போர் ஆட்டத்துக்காக ரிடெம்ப்டர் ட்ரெட்நாட் ஒன்று வாங்கினேன்; நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் போர் இயந்திர மாடல் அது. பெட்டியில் இருக்கும் இரண்டு பெரிய துப்பாக்கிகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தலாம் என்று 3 மி.மீ. காந்தம் வைத்தேன். கேட்லிங் துப்பாக்கி ஒட்டுகிறது, ஆனால் முனை கீழே தொங்கிப்போகிறது. பிளாஸ்மா துப்பாக்கி ஒட்டாமல் தள்ளிவிடுகிறது. பெரிய காந்தம் வாங்கினால் சரியாகுமா?

பதில்: தள்ளுவதும் தொங்குவதும் தனித்தனிக் கோளாறுகள். தள்ளுவது துருவம் மாறி ஒட்டியதால் வந்தது. பிடுங்கித் திருப்பி வைத்தால் தீர்ந்தது. தொங்குவதற்குப் பெரிய காந்தம் ஓரளவுக்குத்தான் உதவும். காந்தத்தின் வேலை பிடித்துக்கொள்வது. எடையைத் தாங்குவது பிளாஸ்டிக்கின் வேலை. அந்த வேலையையும் காந்தத்தின் தலையில் கட்டினால் தொங்கத்தான் செய்யும்.

ஏன் என்று பாருங்கள். நீங்கள் வைத்திருப்பது போன்ற சிறிய, வலுவான நியோடைமியம் காந்தத்தை நேராக இழுத்துப் பிரிக்க நல்ல பலம் வேண்டும். பக்கவாட்டில் வழுக்கித் தள்ள அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போதும், ஏனென்றால் மேலே இருக்கும் நிக்கல் பூச்சு வழவழப்பானது. உங்கள் ட்ரெட்நாட்டின் கையில் காந்தத்தின் முகம் செங்குத்தாக நிற்கிறது. துப்பாக்கியின் எடை அதைக் கீழ்நோக்கித்தான் வழுக்குகிறது. போதாததற்குக் குழல் முன்னால் நீண்டிருக்கிறது. வட்டக் காந்தத்துக்குச் சுழற்சியைத் தடுக்க எந்தப் பிடிமானமும் கிடையாது, எனவே முனை அப்படியே திரும்பி இறங்கிவிடுகிறது. டாங்கியின் கோபுரத்துக்கு இந்தச் சுழற்சி வரம். கைக்குச் சாபம்.

ஆகவே முதலில் குழி அமையுங்கள். 5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் உள்ள காந்தம் இந்த இணைப்புக்குப் பொருத்தம். இடம் குறுகலாக இருந்தால் 4க்கு 2 போதும். உடல் பக்கத்துளை 2.5 மி.மீ. ஆழம், அதாவது காந்தம் அரை மில்லிமீட்டர் உள்ளே அமிழ்ந்திருக்கும். துப்பாக்கிப் பக்கத்துளை 1.5 மி.மீ. மட்டுமே, அதாவது காந்தம் அதே அரை மில்லிமீட்டர் வெளியே துருத்தும். துருத்தியது குழிக்குள் போய் உட்காரும்போது எடை குழியின் சுவரில் இறங்குகிறது; காந்தங்கள் இரண்டும் முகத்தோடு முகம் தொடுகின்றன. இந்தக் கணக்குப் பிசகக்கூடாது. நடுவில் மெல்லிய இடைவெளி விழுந்தாலும் பிடிப்பு சட்டென்று குறைந்துவிடும்.

சுழற்சியைத் தடுக்கக் காந்தத்திலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் தள்ளி 1 மி.மீ. துளை போட்டு, துப்பாக்கியில் ஒரு பித்தளைக் கம்பித் துண்டை 2 மி.மீ. நீட்டி ஒட்டுங்கள். உடலில் அதற்கு நேராக வெறும் துளை. பேப்பர் கிளிப்பை வெட்டியும் செய்யலாம், ஆனால் அது இரும்பு. பசை காய்வதற்குள் பக்கத்துக் காந்தத்தை நோக்கிச் சாய்ந்துவிடும். துளை நேராக விழ, கம்பி முனையில் ஒரு பொட்டு ஈரப் பெயின்ட் வைத்து உடலில் ஒற்றி எடுத்தால் இடம் தெரிந்துவிடும். இரண்டாவது துப்பாக்கியையும் உடலில் ஏற்கெனவே உள்ள அதே துளைக்கு அளந்து செய்ய வேண்டும், புதிதாக ஒன்று போடக்கூடாது. மாடலிலேயே முளையும் பள்ளமும் இருந்தால் அவற்றை வெட்டி மட்டமாக்கிவிட்டுக் காந்தம் வைப்பவர்கள் பலர். அதைப்போல வீண்வேலை வேறில்லை. முளையை விட்டுவிட்டு அதன் நடுவிலோ பக்கத்திலோ காந்தத்தைப் புதையுங்கள்.

துளைக்குக் கையால் சுழற்றும் பின் வைஸ் போதும். மின்சார ட்ரில் வேண்டாம். மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரின் உரசல் சூட்டில் உருகி, துளையிடும் பிட்டைச் சுற்றிக்கொள்ளும், துளை கோணலாகும். நடுப்புள்ளியில் கத்தி முனையால் சிறு குழி கிள்ளி, 1 மி.மீ., 2, 3 என்று படிப்படியாகப் பெரிதாக்குங்கள். பெரும்பாலான பின் வைஸில் 3 மி.மீ.க்கு மேல் பிட் நுழையாது. 5 மி.மீ. பிட்டின் தண்டில் டேப் சுற்றி விரலாலேயே திருகலாம், மெது பிளாஸ்டிக்தானே. முனையிலிருந்து தேவையான ஆழத்தில் பிட்டில் ஒரு டேப் கொடி கட்டிக்கொண்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். சுவர் மெல்லியதாக இருந்தால் துளைக்கும் முன்பே பின்பக்கம் எம்-சீல் அப்பி ஒரு நாள் காயவிடுங்கள். இதற்காகவே மாடலின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே காந்த வேலையை முடிக்கச் சொல்வது.

துருவம் குழம்பாமல் இருக்க ஓர் ஐஸ்கிரீம் குச்சி போதும். அதன் இரு முனைகளிலும் 2 மி.மீ. காந்தம் ஒவ்வொன்று, ஒன்றில் வடதுருவம் வெளியே, மற்றதில் தென்துருவம் வெளியே. ஒரு முனையில் ‘உடல்’ என்றும் மறுமுனையில் ‘ஆயுதம்’ என்றும் எழுதுங்கள். உடலுக்கான காந்தத்தை எப்போதும் ‘உடல்’ முனையால் தூக்கித் துளைக்குள் அழுத்த வேண்டும், பிறகு குச்சியைப் பக்கவாட்டில் வழுக்கி எடுக்க வேண்டும். குச்சியில் சிறிய காந்தம் வைக்கச் சொல்வது, எடுக்கும்போது அது பெரியதைப் பிடுங்கிவிடக்கூடாது என்பதற்காக. இந்தக் குச்சி வீட்டில் இருக்கும்வரை அடுத்த ஆண்டு வாங்கும் ட்ரெட்நாட்டின் துப்பாக்கியும் துருவம் மாறாமல் இந்த ட்ரெட்நாட்டில் ஒட்டும்.

பிளாஸ்டிக் மாடல் பசை இங்கே உதவாது. அது பாலிஸ்டைரினை உருக்கி ஒட்டுவது. உலோகத்தை அதனால் உருக்க முடியாது. ஃபெவிக்விக் போன்ற சூப்பர் குளூதான் வேண்டும், ஜெல் வகை கிடைத்தால் நல்லது. துளையின் அடியைக் கத்தியால் கீறிச் சொரசொரப்பாக்கி, பல்குச்சி முனையில் ஒரு சொட்டு மட்டும் வையுங்கள். அதிகமானால் முகத்தில் வழிந்து மேடாகிவிடும். நொடியில் பிடித்துவிட்டது என்று உடனே எதிர்க் காந்தத்தை வைத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை: ஒன்று, காந்தம் துளையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், இல்லையென்றால் கசிந்த பசையில் இரண்டும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். முழுப் பலம் வர 24 மணி நேரம் ஆகும், குறைந்தது இரவு முழுக்கவாவது விடுங்கள்.

இனி உங்கள் பிளாஸ்மா துப்பாக்கிக்கு வருவோம். அசிட்டோன் ஊற்றிப் பசையைக் கரைக்க நினைக்காதீர்கள், துப்பாக்கியும் சேர்ந்து கரைந்துவிடும். சூடும் ஆகாது, சாதாரண நியோடைமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பலத்தை இழக்கத் தொடங்கும். துப்பாக்கியை சில மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் சூப்பர் குளூ நொறுங்கும் தன்மை அடையும், கத்தி முனையால் நெம்பினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் பின்பக்கத்திலிருந்து 1 மி.மீ. துளை போட்டுக் கம்பியால் குத்தித் தள்ளலாம். காந்தத்தின் மேலேயே ட்ரில் ஓட்ட வேண்டாம்: நொறுங்கும், அதன் தூள் தீப்பற்றக்கூடியது.

முழு ரிடெம்ப்டருக்கும் செய்வதானால் கணக்கு இப்படி: பெரிய துப்பாக்கிக்கு உடலில் 1, ஆயுதங்களில் 2, ஆக 5க்கு 2 அளவில் 3 காந்தங்கள். மறு கையின் முஷ்டியோடு வரும் சிறு ஆயுதத்துக்கு 3, ஸ்டார்ம் போல்ட்டர் துப்பாக்கி அல்லது ஃப்ராக்ஸ்டார்ம் குண்டெறி குழல் ஏறும் இரண்டு இடங்களுக்கு 6, ஐகாரஸ் ராக்கெட் பெட்டிக்கு 2. இவை 11ம் 3க்கு 1 அளவு. உங்களிடம் இருக்கும் 3 மி.மீ. காந்தங்கள் வீணாகாது. இந்தச் சிறு ஆயுதங்களின் எடையை அவை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். நேரம் குறைவென்றால் பெரிய துப்பாக்கியை மட்டும் செய்தாலே போதும். 2023இல் வந்த ஆட்ட விதிகளின் பத்தாம் பதிப்பில், படை சேர்க்கும்போது ஆயுதத்துக்குத் தனிப் புள்ளி கணக்கிடுவது பெரும்பாலும் போய்விட்டது; யாரும் வலிமையானதைத்தான் தேர்வார்கள். எது வலிமையானது என்பது விதித் திருத்தத்தோடு மாறிக்கொண்டே இருப்பதால் அந்த ஓர் இணைப்புதான் அதிகம் வேலை செய்யும். காலாட்படையின் மணிக்கட்டில் 2 மி.மீ. காந்தம் வைப்பது கண்ணுக்கும் பொறுமைக்கும் சோதனை.

பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்கும் முன் காந்த முகங்களை டேப்பாலோ, பிசைந்து ஒட்டும் புளூ டேக்காலோ மூடுங்கள். குழிக்குள் இரண்டு மூன்று பூச்சு ஏறினால் துப்பாக்கி நுழையாது, நுழைந்தாலும் முகங்கள் தொடாது. மீதமுள்ள காந்தங்களை எஃகு டப்பாவில் ஒட்டிப் பூட்டி வையுங்கள், வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இதில் சமரசமே வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்து ஓட்டை போட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வலி வரட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.